ஆரம்பக் கூட்டத்தில் ஆலைகளுக்கும் இடம் வேண்டும்

விதைநெல் ஊறப் போடப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே திருகோணமலை மாவட்டத்தில் ஒரு போகம் தொடங்கிவிடுகிறது. மாவட்டச் செயலாளரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்க, நீர்ப்பாசனம், கமநல அபிவிருத்தி, விவசாயம் ஆகிய திணைக்களங்களின் அலுவலர்களும், கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களும், வாய்க்கால் நீரைப் பங்கிட்டு விடும் வட்டவிதானைமாரும், வயற்காரரும் ஒன்றாக அமர்ந்து ஆரம்பக் கூட்டம் நடத்துவார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதியில் திறக்கப்படும், விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், விதைப்பது மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகள் எப்போது வயல்வெளியை விட்டு அகற்றப்பட வேண்டும் என்பதெல்லாம் அங்கே எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவு செய்யப்படும். குளம் வற்றியிருக்கும் சிறுபோக ஆண்டுகளில் வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவரும் கடைக்கோடியில் வைத்திருப்பவரும் கடுமையாக மோதிக்கொள்வதும் உண்டு. ஆனால் எடுத்த முடிவு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

நிலைத்து நிற்கும் வேளாண்மை, பொறுப்புள்ள தொழில்துறை என்று ஆசியா முழுவதும் இன்று பேசப்படுவதன் உயிர்நிலை இந்த எளிய ஏற்பாட்டில் இருப்பதாக நான் கருதுகிறேன். பொதுவான ஒன்றை எடுத்துப் பயன்படுத்தப் போகிறவர், எடுப்பதற்கு முன் அயலவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு எடுக்கப் போகிறார் என்று சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிட்டு உண்ணும் இந்த மாவட்டத்தில், போருக்குள்ளும் போருக்குப் பின்னும் எங்களுக்குள் மிஞ்சியிருந்த பொது மேடைகளில் அதுவும் ஒன்று. அதே நிலத்தையும் நீரையும் கடலையும் பயன்படுத்தும் ஆலைகளுக்கும் மின் திட்டங்களுக்கும் அந்த மேடையில் ஓர் இருக்கை இல்லை என்பதே என் குறை.

திருகோணமலை எல்லாவற்றுக்கும் கடைமடையில் இருக்கும் மாவட்டம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நாட்டின் மிக நீளமான ஆறாகிய மகாவலி மத்திய மலைநாட்டில் பிறந்து, தேயிலைத் தோட்டங்களையும் மரக்கறிப் பாத்திகளையும் பொலநறுவையின் வயல்வெளிகளையும் கடந்து, 335 கிலோமீட்டர் ஓடிய பின் மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மேலே எவரெவர் எதை மண்ணில் இட்டார்களோ, அதில் மழை கழுவிய பங்கு இறுதியில் எங்கள் குடாவை நோக்கித்தான் வருகிறது. குளக்கோட்டன் கட்டினான் என்று எங்கள் மரபு சொல்லும் கந்தளாய்க் குளத்தின் நீரும் தம்பலகாமத்து வயல்களை நனைத்துவிட்டுத் தம்பலகாமக் குடாவை நோக்கியே வடிகிறது. வயலில் தெளித்த நஞ்சு இறாலுக்குப் போகிறது. ஆலையின் கழிவு வலைக்கு வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வேளாண்மையையும் தொழில்துறையையும் இரண்டு தனித்தனி விடயங்களாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்காமல் எடுக்கப்படும் முடிவு, நோக்கம் நல்லதாக இருந்தாலும், என்ன செய்யும் என்பதை 2021இல் இந்த நாடு கண்டது. அந்த ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் இரசாயன உரங்கள், பூச்சிநாசினிகள், களைநாசினிகள் ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. 1962 முதல் அரசே மானியம் கொடுத்துப் பழக்கிய யூரியா, ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் இல்லாமற் போனது. இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் என்பதால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். அத்தனை எருவை எங்கே ஆக்குவது, எந்த வண்டியில் ஏற்றுவது, யார் அள்ளிப் பரப்புவது என்ற கேள்விகளுக்கு எந்தக் கூட்டத்திலும் எவரும் விடை சொல்லவில்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதன உரத்தின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் அறிவித்ததும், கப்பல் இறக்காமலே திரும்பியதும், அதற்காக 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்ததும் எல்லாரும் அறிந்தவை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகப் பயிர் ஏற்கெனவே மஞ்சளித்திருந்தது. 2021இல் சுமார் 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2022இல் சுமார் 34 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது.

எங்கள் குடும்பத்துக்குத் தம்பலகாமத்தில் உள்ள சிறு வயலைச் செய்பவர் என் சித்தப்பா. அந்தப் போகத்தின் நட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் சொன்னது இதுதான்: "மகன், உரத்தைக் குறைக்கச் சொன்னதில எனக்குக் கோவமில்லை. குறைக்கத்தான் வேணும். எங்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைச்சுப்போட்டுக் குறைச்சிருக்கலாம்." சேதன வேளாண்மை என்ற நல்ல பெயரே வயற்காரர் காதில் தண்டனையாக ஒலிக்கும்படி ஆனதுதான் அந்தத் தடை விளைவித்த மிக நீண்ட கேடு என்று நான் நினைக்கிறேன். இன்று எந்த விவசாயப் போதனாசிரியர் வந்து யூரியாவைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொன்னாலும் எதிரே இருப்பவர்களின் முகம் இறுகிவிடுகிறது.

இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் சேதன வேளாண்மைக்கு மாறத் தீர்மானித்து, 2016இல்தான் முழுமையாக மாறிவிட்டதாக அறிவித்தது. அது சுமார் 75,000 எக்டேயர் மட்டுமே கொண்ட மலைநாடு. இரசாயன உரத்தை எந்நாளும் அதிகம் பயன்படுத்தாத நாடு. அதற்கே 13 ஆண்டுகள் தேவைப்பட்டன.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம் இந்தோனேசியாவில் இருக்கிறது. நீரில் நிற்கும் நெல், சிறு வயல், அடுத்தடுத்த போகம் என்று அந்த நாட்டு வயல்கள் எங்களுடையவற்றைப் போன்றவை. 1970களிலும் 1980களிலும் அங்கே பூச்சிநாசினிக்கு அரசு பெரும் மானியம் கொடுத்தது; வயற்காரர் தாராளமாகத் தெளித்தார்கள்; தெளிக்கத் தெளிக்கக் கபிலநிறத் தத்தி பெருகியது. எங்கள் பக்கத்தில் அறக்கொட்டி என்று சொல்லும் அதே பூச்சிதான். காரணம் வயலுக்குள்ளேயே இருந்தது. தத்தியின் முட்டைகள் நெல்லின் இலைமடலுக்குள் பொதிந்து கிடப்பதால் மேலே விழும் நஞ்சு அவற்றைச் சென்றடைவதில்லை. ஆனால் தத்தியைத் தின்று வாழும் சிலந்திகளும் பொறிவண்டுகளும் நீர்மேல் ஓடும் சிறு பூச்சிகளும் அந்த நஞ்சில் மடிந்துவிடுகின்றன. சில நாட்களில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்குப் பகைவரே இல்லாத வயல் கிடைக்கிறது. இதைக் கண்டறிந்த ஆய்வாளரின் பேச்சைக் கேட்டு, 1986இல் வெளியான சனாதிபதி ஆணையொன்று 57 பூச்சிநாசினி வகைகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. பூச்சிநாசினி மானியம் படிப்படியாக வெட்டப்பட்டு 1989க்குள் நிறுத்தப்பட்டது.

அதுவும் ஒரு தடைதான். ஆனால் நெல்லுக்கு உணவாகிய உரத்தில் அது கை வைக்கவில்லை. பயன் தராத நஞ்சை மட்டுமே நிறுத்தியது. அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய காரியம். 1989 முதல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் ஊர் ஊராக வயற் பாடசாலைகள் தொடங்கப்பட்டன. ஏறத்தாழ இருபத்தைந்து வயற்காரர் கொண்ட குழு ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் வயலில் இறங்கி, தூர்களை விலக்கி, எத்தனை தத்தி, எத்தனை சிலந்தி என்று எண்ணி, கண்டதைத் தாளில் வரைந்து, இந்த வாரம் தெளிக்க வேண்டுமா வேண்டாமா என்பதைத் தாங்களே விவாதித்து முடிவு செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பாடசாலைகளில் கற்றார்கள். நஞ்சின் அளவு குறைந்தது, விளைச்சல் விழவில்லை. தடையும் அறிவும் கைகோத்து வர வேண்டும் என்பதற்கு ஆசியாவில் இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். கந்தளாயிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கமநல சேவை நிலையத்துக்கு ஒன்றாகவேனும் அப்படி ஒரு வயலை ஒதுக்க முடியாதா என்று ஒவ்வொரு பெரும்போகத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அண்மைய எடுத்துக்காட்டு வியட்நாம். மேகோங் கழிமுகத்தில் 2030க்குள் பத்து லட்சம் எக்டேயரில் தரமான, புவியைச் சூடாக்கும் வாயுவைக் குறைவாக வெளியிடும் நெல்லை விளைவிக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2023 நவம்பரில் ஏற்றது. எக்டேயருக்கு 70 கிலோவுக்கும் குறைந்த விதை, உரத்திலும் பூச்சிநாசினியிலும் நூற்றுக்கு முப்பது குறைப்பு, வயலில் வைக்கோல் எரிப்பதை ஒழித்தல் ஆகியவை அதன் இலக்குகளில் அடங்கும். விதை அடர்த்தியாக விழுந்தால் களை அடங்கும் என்று நம்பிக் கையளவுக்கு மேல் வீசி விதைக்கும் பழக்கம் எங்களிடமும் உண்டு. நெருங்கி வளர்ந்த பயிருக்குள் காற்றோட்டம் இல்லாமல் அறக்கொட்டி குடியேறுகிறது. பிறகு அதற்கு நஞ்சு தேடுகிறோம். விதையில் சிக்கனம் செய்வதே நஞ்சைக் குறைக்கும் முதற்படி என்பதை வியட்நாமியர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் திட்டத்தின் இன்னொரு தூண், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய நீர் முறை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகே மறுபடி நீர் கட்டுவார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் நீரை வற்ற விடமாட்டார்கள். இதனால் நீர்த் தேவை நூற்றுக்கு முப்பது வரை குறையும். வெள்ளம் நின்ற சேற்றில் காற்றில்லாமல் அழுகும் பொருள்களிலிருந்து எழும் மீதேன் வாயு ஏறத்தாழ பாதியாகும். விளைச்சலுக்குப் பெரிய குறைவு வராது. சிறுபோகத்தில் நீருக்குத் தவிக்கும் எங்கள் மாவட்டத்துக்கென்றே வகுத்தது போன்ற முறை இது. ஆயினும் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவர் இதைச் செய்யத் துணியமாட்டார். அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் தன் வரம்பை வந்தடையும் என்ற உறுதி இருந்தால்தானே ஒருவர் வயலைக் காய விடுவார்? அந்த உறுதி இல்லாதவர் கிடைத்த அன்றே வரம்பு நிரம்பக் கட்டி வைப்பார். அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. குழாய் நூறு ரூபாய்ப் பொருள்தான். வட்டவிதானையின் சொல்லும் குளத்து மதகான துருசு திறக்கும் நேரமும் நம்பத்தக்கவையாக இருப்பதில்தான் அந்தத் தொழில்நுட்பம் தங்கியிருக்கிறது.

விற்கும் இடத்தில் நீதி இல்லையென்றால் இவை எதுவும் நிலைக்காது. வெட்டும் இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரே நாளில் அறுவடை முடிகிறது. ஆனால் வருவது ஈர நெல். நெல் சந்தைப்படுத்தும் சபை நூற்றுக்கு பதினான்கு ஈரப்பதத்துக்கு மேற்பட்ட நெல்லை உத்தரவாத விலைக்கு எடுப்பதில்லை. உலர்த்தக் களம் இல்லாதவர், மாசியின் இடைமழைக்கு அஞ்சி, உரக் கடனையும் இயந்திரக் கூலியையும் நினைத்து, வயலோரத்தில் நிற்கும் வியாபாரியின் லொறிக்கே அதை ஏற்றிவிடுகிறார். நஞ்சில்லாமல் விளைத்த நெல்லும் நஞ்சிட்டு விளைத்த நெல்லும் அந்த லொறியில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 2011இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் கூட்டாகத் தொடக்கிய நிலைத்த நெல் மேடை என்ற அமைப்பு, சிறு வயற்காரருக்கான தர விதிகளை வகுத்திருக்கிறது. தாய்லாந்து, வியட்நாம் போன்ற ஏற்றுமதி நாடுகளில் வெளிநாட்டுக் கொள்வனவாளர் அவ்வாறான விதிகளைக் கேட்கிறார்கள். எங்கள் நெல்லை நாங்களே உண்கிறோம். ஆகவே எங்கள் நெல் எப்படி விளைந்தது என்று கேட்க வெளியிலிருந்து எவரும் வரப்போவதில்லை.

இனி ஆலைகளுக்கு வருகிறேன். சீனக்குடாவையும் துறைமுகத்தையும் சுற்றி மா ஆலை, சீமெந்து ஆலை, பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் என்று பெரும் தொழில்கள் இருக்கின்றன. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் கலந்த கனிய மணல் அகழப்படுகிறது. தொழில்துறையே வேண்டாம் என்பவன் நானல்ல. இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிகிறது. ஆலையும் வயலும் ஒன்றுக்கொன்று உதவ முடியும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. டோக்கியோ சீமெந்து நிறுவனம் 2008இல் திருகோணமலையில் 10 மெகாவற் உயிர்த்திணிவு மின் நிலையத்தை அமைத்தது. கிளிரிசிடியா மரத்தின் கிளைகள் அதன் எரிபொருள்களில் ஒன்று. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அரசு அறிவித்த மரம் அது. வேலியோரத்திலும் வளரும், வெட்ட வெட்டத் தளிர்க்கும். கிளை ஆலைக்குப் போக, நைதரசன் நிறைந்த அதன் இலை வயலுக்குப் பசளையாகும். மேலே சொன்ன யூரியாக் கணக்கை ஓரளவேனும் ஈடுசெய்யக்கூடிய வழிகளில் இது ஒன்று. நாடு தடை விதிப்பதற்கு முன் பத்தாண்டுகள் இந்த மரத்தை வரம்பெங்கும் வளர்த்திருந்தால் 2021 வேறு விதமாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூரின் கதை வேறு. 2006இல் போரால் துரத்தப்பட்ட அந்த மக்களின் நிலத்தில் 500 மெகாவற் நிலக்கரி அனல் மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. இன்னொரு பகுதியான 818 ஏக்கர், கனரகத் தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. மக்கள் 2015இல்தான் அந்த 818 ஏக்கருக்குத் திரும்ப முடிந்தது. கொட்டியாரக் குடாவில் சுடுநீர் கலப்பதையும் வயல்களில் சாம்பல் படிவதையும் எதிர்த்து ஊர்மக்களும் சூழலியலாளரும் போராடினார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 120 மெகாவற் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. நிலக்கரி இடத்தில் சூரிய ஒளி வந்தது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் அதே 2025இல், முத்துநகரில் துறைமுக அதிகாரசபைக்குரியது எனப்படும் நிலத்தில் நீண்டகாலமாக நெல் செய்துவந்தவர்கள், தங்கள் வயல்கள் சூரிய மின் திட்டத்துக்காக எடுக்கப்படுவதை எதிர்த்து வீதியில் அமர்ந்தார்கள். புகை கக்காத திட்டம் என்பதால் மட்டும் அது பொறுப்புள்ள திட்டம் ஆகிவிடாது. பயிர் நிற்கும் நிலத்தை விட்டுத் தரிசையோ கூரைகளையோ தேடலாம். தகடுகளை உயர்த்தி நிறுத்தி அவற்றின் கீழ் பயிர் செய்யும் முறையை யப்பான் 2013 முதல் அனுமதித்து வருகிறது. இவற்றை எல்லாம் பேச ஒரு மேடை முன்கூட்டியே இருந்திருந்தால், பேச்சு வீதிக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, பெரும் திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக 30 வேலை நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது திட்டம் தொடங்கும் முன் ஒரேயொரு முறை திறக்கும் கதவு. அதன்பின் ஆலை ஓடும் பல பத்தாண்டுகளில் அதன் கழிவு, நீர்ப் பயன்பாடு, புகை ஆகியவை உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கும் ஆலைக்கும் இடையிலான கோப்பாகவே இருந்துவிடுகின்றன. இரண்டு ஏக்கர் செய்யும் ஏழை வயற்காரர் ஆண்டுக்கு இரண்டு தடவை ஊர் முன்னால் தன் நீர்க் கணக்கை ஒப்புக்கொள்கிறார்; கோடிகளில் புரளும் ஆலைக்கு அந்தக் கடமை இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆண்டுக்கு ஒரு தடவை, சிறுபோக ஆரம்பக் கூட்டத்தின்போது, இந்த மாவட்டத்தில் குளத்து நீரையோ நிலத்தடி நீரையோ எடுக்கும், குடாவுக்குள் நீர் விடும் ஒவ்வொரு பெரும் தொழிலும் தன் பிரதிநிதியை அனுப்பி, எவ்வளவு எடுத்தோம், எதை வெளியேற்றினோம், அடுத்த ஆண்டு என்ன மாற்றம் செய்யப் போகிறோம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும். கிண்ணியா, மூதூர் மீனவர் சங்கங்களுக்கும் அங்கே இடம் வேண்டும். சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாவட்டச் செயலாளர் அழைத்தால் வர மறுப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதாக இராது. அழைத்தும் வராதவர்களின் உரிம நிபந்தனைகளையும் கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகளையும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டுப் பெறலாம். அதற்கான விண்ணப்பத்தை எழுத உதவி தேவைப்படும் கமக்காரர் அமைப்புக்கோ மீனவர் சங்கத்துக்கோ எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நகரில் இருந்து இதை வாசிப்பவர்களிடமும், புலம்பெயர்ந்து சென்று ஊருக்குப் பணம் அனுப்புபவர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற எங்கள் பழைய நெல்லினங்கள் உயரமாக வளர்பவை. யூரியாவை அதிகம் இட்டால் சாய்ந்துவிடும், ஆகவே குறைந்த உரத்தோடே விளைபவை. விளைச்சல் புதிய இனங்களைவிடக் குறைவு என்பதால், கூடுதல் விலை கிடைக்காமல் எவராலும் அவற்றைத் தொடர்ந்து செய்ய முடியாது. உங்கள் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு வேண்டிய அரிசியில் ஒரு பகுதியையாவது, அறுவடைக்குப் பிறகு கடையில் தேடாமல், ஐப்பசியில் விதைப்புக்கு முன்பே தெரிந்த ஒரு வயற்காரரிடம் விலை பேசி, பாதிப் பணத்தைக் கொடுத்துச் சொல்லி வையுங்கள். அந்தப் பணம் அவருடைய உழவுக் கூலிக்கு உதவும். வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது. பல குடும்பங்கள் சேர்ந்தால் ஊருக்கு ஒரு சீமெந்துக் களமும் போட்டுக் கொடுக்கலாம். தம்பலகாமத்தில் இந்தப் பெரும்போகத்துக்குப் பச்சைப்பெருமாள் விதைக்க விரும்புவோர் சிலர் இருக்கிறார்கள். வாங்குபவர் யார் என்று தெரியாததால் இன்னும் முடிவெடுக்காமல் இருக்கிறார்கள்.